ஈராசிரியர் பள்ளியில் ஏழு பேர்

விருதுநகர் மாவட்டத்தில், பட்டாசு ஆலைகளுக்கு ஆள் ஏற்றிப்போகும் வேன்கள் விடிந்தும் விடியாமலும் வந்து நிற்கிற ஊர்களில் ஒன்று. அங்கே ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி. ஊர்ப் பெயரை எழுதவில்லை. இதில் வருகிறவர்கள் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறார்கள். அவர்களுக்கு என்னால் ஒரு சங்கடம் வரக்கூடாது.

1 முதல் 5 வரை வகுப்புகள். 40-க்குச் சற்றுக் குறைவான பிள்ளைகள். கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர்கள்தான். ஒருவர் தலைமை ஆசிரியர், இன்னொருவர் இடைநிலை ஆசிரியர், இருவரும் பெண்கள். வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கேட்டால் ‘ஈராசிரியர் பள்ளி’ என்று முடித்துவிடுவார்கள். அந்த அளவில் தமிழ்நாட்டில் ஏராளமான பள்ளிகள் இருக்கின்றன.

ஆனால் ஒரு வேலை நாளில் அந்தப் பள்ளிக்குள் வேலைக்கென்று போகிற பெரியவர்கள் 7 பேர். காலை உணவு சமைக்கும் சுய உதவிக் குழுப் பெண்கள் இருவர், தூய்மைப் பணியாளர், ஆசிரியைகள் இருவர், சத்துணவு சமையல் உதவியாளர், அப்புறம் சத்துணவு அமைப்பாளர். பிள்ளைகள் வாயில் இவர்களுக்கு வேறு பெயர்கள்: பெரிய டீச்சர், சின்ன டீச்சர், சத்துணவு டீச்சர், சத்துணவு ஆயா, உப்புமா அக்கா. தூய்மைப் பணியாளரைப் பாட்டி என்பார்கள்.

ஒன்றியத்தில் பள்ளிகளைப் பார்வையிட்டு ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலையில் நான் பல வருடம் இருந்தேன். இந்தப் பள்ளியை ஆய்வுக்கு எடுத்ததற்குக் காரணம் இது சிறந்த பள்ளி என்பதோ மோசமான பள்ளி என்பதோ கிடையாது. விருது வாங்கவில்லை, மூடப்போகிறார்கள் என்ற பேச்சும் இல்லை. நடுவாந்தரமாக ஓடிக்கொண்டிருக்கும் பள்ளி. 2024-இல் ஒரு செவ்வாய்க்கிழமை அங்கே நடந்ததும், அதற்குப் பின் வந்த ஓலையும்தான் என்னை உட்கார்ந்து யோசிக்க வைத்தன. இந்த 7 பேரையும் ஒரே தாளில் எழுதி வைத்திருக்கிற அலுவலகம் ஒன்றுகூட ஒன்றியத்தில் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

யார் யாருடைய ஆள்

ஆசிரியைகள் பள்ளிக் கல்வித் துறையின் கீழ், தொடக்கக் கல்வி இயக்ககத்தின் ஆட்கள். விடுப்பு, சம்பளம், பணிப்பதிவேடு எல்லாம் வட்டாரக் கல்வி அலுவலர் கையில். சத்துணவு அமைப்பாளரும் சமையல் உதவியாளரும் சமூக நலத் துறையின் திட்டத்தில் வருகிறார்கள். ஒன்றியத்தில் அவர்களைப் பார்ப்பது வட்டார வளர்ச்சி அலுவலகத்தின் சத்துணவுப் பிரிவு. காலை உணவுப் பெண்கள் மகளிர் திட்டத்தின் வழியே சுய உதவிக் குழுவிலிருந்து வந்தவர்கள். தூய்மைப் பணியாளரின் பணம் ஊரக வளர்ச்சித் துறைப் பக்கமிருந்து வரவேண்டும். மாலையில் தெருவில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தந்த ‘இல்லம் தேடிக் கல்வி’ தன்னார்வலரையும் சேர்த்தால் அவர் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கணக்கு.

இவர்களில் ஒருவருக்கும் இன்னொருவருக்கும் அலுவலக முறையில் உறவு இல்லை. தலைமை ஆசிரியர் சமையல் உதவியாளருக்கு விடுப்பு கொடுக்க முடியாது. சத்துணவு அமைப்பாளர் காலை உணவுப் பாத்திரத்தைக் கேட்க முடியாது. எரிவாயு உருளை இரண்டு, அடுப்பு இரண்டு, இருப்புப் பதிவேடு இரண்டு. சாப்பிடுகிற பிள்ளைகள் மட்டும் ஒரே பிள்ளைகள்.

இப்படி ஆனதற்கு வரலாறு இருக்கிறது. 1956-இல் காமராஜர் ஆட்சியில், பாரதி பிறந்த எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியபோது தனியாக ஆள் போடவில்லை. ஊரார் அரிசியும் விறகும் கொடுத்தார்கள், ஆசிரியர்களே முன்னின்று நடத்தினார்கள். கல்வி இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு அதை ஊர் ஊராகக் கொண்டுபோனார். 1982 ஜூலை 1-இல் எம்.ஜி.ஆர். திருச்சி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது நிலைமை மாறியது. மையத்துக்கு ஓர் அமைப்பாளர், ஒரு சமையலர், ஓர் உதவியாளர் என்று பணியிடங்கள் உருவாயின. கணவனை இழந்த பெண்களும் ஆதரவற்ற பெண்களும் பெரும் எண்ணிக்கையில் அரசு வேலை என்று சொல்லிக்கொள்ளும்படி ஒன்றைப் பெற்றார்கள். அது சாதாரண காரியமில்லை. அதற்குச் சற்று முன், 1981 ஜூன் 1 முதல், ஊராட்சி ஒன்றிய ஆசிரியர்கள் அரசு ஊழியர்களாக ஆக்கப்பட்டார்கள். ஆசிரியர் ஒரு பக்கம் முழு அரசு ஊழியர், சமையல்காரர் இன்னொரு பக்கம் மாதம் ஒரே தொகை வாங்கும் தொகுப்பூதியப் பணியாளர் என்ற பிரிவு அந்தச் சமயத்தில் விழுந்ததுதான். பிற்பாடு, ஆண்டுக்கு ஆண்டு ஏறும், ஆனால் முழு அரசு ஊழியருடையதைவிடக் குறைந்த சிறப்புக் காலமுறை ஊதியம் வந்தது. முறையான காலமுறை ஊதியம், ஓய்வூதியம் என்ற கோரிக்கை இன்றுவரை நிற்கிறது. ஓய்வு பெற்ற சத்துணவு ஊழியருக்குப் பல வருடம் மாதம் 2,000 ரூபாய்தான் சிறப்பு ஓய்வூதியமாக இருந்தது. அதை வைத்து என்ன செய்வது என்று என்னைக் கேட்ட ஆயாக்களுக்கு நான் பதில் சொன்னதில்லை.

காலை

முதலில் வருவது காலை உணவுப் பெண்கள். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் 1,545 பள்ளிகளுக்கு என்று தொடங்கியது. 2023 ஆகஸ்ட் 25-இல் திருக்குவளையில் அதை விரிவாக்கியபோது 31,008 அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும் வந்தது. இந்த ஊருக்கு வந்ததும் அந்த விரிவாக்கத்தில்தான்.

அதன் அருமை பட்டாசு ஊரில்தான் நன்றாகத் தெரியும். அம்மாவும் அப்பாவும் ஆறு, ஆறரைக்கு வேனில் ஏறிவிடுவார்கள். அதற்குமுன் பிள்ளைக்கு இட்லி அவித்துவைக்க எத்தனை வீட்டில் முடியும்? முன்பெல்லாம் 11 மணிக்கே மூன்றாம் வகுப்புப் பையன்கள் மேசைமேல் தலையைச் சாய்ப்பார்கள். சின்ன டீச்சர் தன் பையில் ரொட்டிப் பாக்கெட் வைத்திருப்பார். இப்போது அந்தப் பாக்கெட்டுக்குத் தேவை இல்லை.

வேலை எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். இருவரில் ஒருவர் பொறுப்பாளர். அவருக்குப் பத்தாம் வகுப்புப் படிப்பு வேண்டும், கையில் ஸ்மார்ட்போன் வேண்டும், அவருடைய பிள்ளை அதே பள்ளியில் படிக்க வேண்டும். ஆறு மணிக்குக் கதவைத் திறந்து காய் நறுக்கத் தொடங்கினால்தான் எட்டேகாலுக்குள் ஆகும். 2024-இல் திங்கள் உப்புமா வகை, செவ்வாய் கிச்சடி வகை, புதன் பொங்கல் வகை, மறுபடி உப்புமா, மறுபடி கிச்சடி. கூடவே காய்கறி சாம்பார். சமையல் தொடங்கிய நேரம், முடிந்த நேரம், சாப்பிட்ட பிள்ளைகளின் எண்ணிக்கை எல்லாம் செயலியில் ஏற்ற வேண்டும். ஊரில் சிக்னல் பள்ளி வாசலில்தான் கிடைக்கும். ஒரு கையில் கரண்டியும் ஒரு கையில் போனுமாக அவர் வாசலுக்கும் அடுப்புக்கும் நடப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

பிள்ளை அதே பள்ளியில் படிக்க வேண்டும் என்ற விதியில் பெரிய நன்மை ஒன்று உண்டு: தன் பிள்ளையும் சாப்பிடுவதால் கை தாராளமாக இருக்கும், சுத்தமும் இருக்கும். அதே விதியில் ஒரு கடுமையும் உண்டு. பிள்ளை ஐந்தாம் வகுப்பை முடித்துவிட்டால் அம்மாவின் வேலையும் முடிந்தது. 30 பேருக்கு, 40 பேருக்குச் சமைத்துப் பழகி, அளவு கைக்கு வந்து, எந்தப் பிள்ளைக்குக் காரம் ஆகாது என்று தெரிந்துகொண்ட ஒருவரை அனுப்பிவிட்டு மறுபடி புதிதாகத் தொடங்குகிறோம். எனக்கு இது சரியாகப் படவில்லை.

தூய்மைப் பணியாளர் ஏழரைக்கு வருவார். இரண்டு வகுப்பறை, ஒரு வராந்தா, கழிப்பறைகள், வாசல். இந்தப் பள்ளியில் அவருக்கு மாதம் 1,000 ரூபாய். அதுவும் மாதாமாதம் வராது. சில மாதங்கள் சேர்ந்து வரும். பினாயில் தீர்ந்துவிட்டால் பெரிய டீச்சர் தன் காசில் வாங்கிவருவார். நூறு நாள் வேலை இருக்கிற நாட்களில் பாட்டி கழிப்பறையை மட்டும் கழுவிவிட்டு ஓடுவார். அவரைக் குறை சொல்ல யாருக்கும் மனம் வராது, வரவும் கூடாது. கிராமத்துப் பெண்பிள்ளைகள் பள்ளிக்குத் தவறாமல் வருவதற்குக் கழிப்பறைச் சுத்தம் முக்கியம் என்று ஒவ்வொரு பயிற்சியிலும் பேசுகிறோம். அந்தச் சுத்தத்துக்கு நாம் கொடுக்கும் கூலி ஒரு நாளைக்கு 40 ரூபாய்கூட இல்லை.

இரண்டு டீச்சர், ஐந்து வகுப்பு

வகுப்புப் பிரிவு எளிமையானது. 1, 2, 3 சின்ன டீச்சருக்கு. 4, 5 பெரிய டீச்சருக்கு. 2022 ஜூனில் ‘எண்ணும் எழுத்தும்’ வந்தபின் முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளை வகுப்புவாரியாக உட்காரவைப்பதில்லை. எழுத்தே தெரியாத பிள்ளை அரும்பு, எழுத்து தெரிந்து சொல்லுக்கு வரும் பிள்ளை மொட்டு, வகுப்புக்கு ஏற்றபடி படிக்கும் பிள்ளை மலர். அடுத்த ஆண்டு 4, 5 வகுப்புகளுக்கும் அது வந்தது. இதற்கு முன்னால் செயல்வழிக் கற்றல் என்று, பிள்ளை தன் வேகத்தில் படிப்படியாகக் கற்றுப்போக ஏணிப்படி அட்டவணையும் அட்டைகளும் இருந்தன. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08 வாக்கில் மாநிலம் முழுக்கப் போனது. பல தரப்புப் பிள்ளைகள் ஒரே அறையில் இருக்கிற பள்ளிக்கு இந்த மாதிரி ஏற்பாடுகள் பொருந்தும் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் எதற்கும் ஆள் வேண்டும். நிலைவாரியாகக் கற்பிக்க ஆசிரியர் அறையில் இருக்க வேண்டும்.

பெரிய டீச்சர் அறையில் இருக்கிற நேரம்தான் குறைவு. காலையில் வருகைப்பதிவைச் செயலியில் போட வேண்டும். பாடநூல், சீருடை, காலணி, புத்தகப்பை என்று விலையில்லாப் பொருள் எது வந்தாலும் ஒன்றியத்தில் போய்க் கையெழுத்திட்டு ஆட்டோ பிடித்துக் கொண்டுவர வேண்டும். வங்கிக் கணக்கு இல்லாத பிள்ளைக்குக் கணக்குத் தொடங்க வேண்டும், ஆதாரில் பிழை இருந்தால் திருத்த அனுப்ப வேண்டும். பள்ளி மானியம் 31 முதல் 100 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 25,000 ரூபாய். அதற்கு ரசீது, தீர்மானம், பதிவேடு. மேல்நிலைப் பள்ளியில் இதற்கெல்லாம் எழுத்தர் இருக்கிறார். தொடக்கப்பள்ளியில் எழுத்தர் என்ற பணியிடமே கிடையாது. தலைமை ஆசிரியர்தான் எழுத்தர், அவர்தான் காவலர், மோட்டார் போடுகிறவரும் அவர்தான்.

சின்ன டீச்சரைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். அவர் 2009 ஜூன் 1-க்குப் பிறகு பணியில் சேர்ந்தவர். அந்தத் தேதி இடைநிலை ஆசிரியர்களின் வாழ்க்கையை இரண்டாகப் பிரித்த தேதி. 2009 மே 31 வரை சேர்ந்தவருக்கு அடிப்படை ஊதியம் 8,370 ரூபாய். மறுநாள் சேர்ந்தவருக்கு 5,200. வித்தியாசம் 3,170 ரூபாய், அதன்மேல் ஏறிய படிகளும் ஊதிய உயர்வும் வேறு. ஒரே படிப்பு, ஒரே வேலை, அடுத்தடுத்த வகுப்பறை. ‘சம வேலைக்குச் சம ஊதியம்’ என்று சென்னையில் பள்ளிக் கல்வித் துறையின் டி.பி.ஐ. வளாகத்தில் அவர்கள் பல வருடமாக உட்கார்ந்து வருகிறார்கள். அரையாண்டு விடுமுறையில் ஊருக்குப் போகாமல் அங்கே போய் உட்கார்ந்திருக்கிறார் இவரும்.

பெரிய டீச்சருக்கு வேறு கவலை. 2025 செப்டம்பர் 1-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது: பணியில் இருக்கும் ஆசிரியர்களும் தகுதித் தேர்வில் தேற வேண்டும், அதற்கு 2 ஆண்டு அவகாசம், ஓய்வுக்கு 5 ஆண்டுக்குக் குறைவாக இருப்பவர்களுக்கு மட்டும் விலக்கு, அவர்களும் பதவி உயர்வு வேண்டுமென்றால் தேறத்தான் வேண்டும். தமிழ்நாட்டில் தகுதித் தேர்வு நடக்கத் தொடங்கியதே 2012-இல். அதற்குமுன் அன்றைய விதிப்படி தேர்வாகி, கால் நூற்றாண்டாகக் கற்பித்துக்கொண்டிருப்பவர் இவர். தகுதி வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. அரசு கேட்ட தகுதியை அன்றைக்கே காட்டி வேலைக்கு வந்தவரிடம் ஐம்பது வயதுக்கு மேல் வேலையையே பணயமாக வைத்துத் தேர்வு எழுதச் சொல்வதில்தான் மறுப்பு. மாலையில் செயலியில் தகவல் ஏற்றி முடித்தபிறகு அவர் இப்போது கல்வி உளவியல் படிக்கிறார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை

சரி, நிகழ்வுக்கு வருவோம். 2024-25 கல்வியாண்டின் முதல் பருவம். 4, 5 வகுப்பு ஆசிரியர்களுக்கு, அக்கம்பக்கப் பள்ளிகளுக்குப் பொதுவான குறுவள மையத்தில் பயிற்சி. பெரிய டீச்சர் போயாக வேண்டும். பள்ளியில் சின்ன டீச்சர் மட்டும், ஐந்து வகுப்புகளுடன்.

காலை உணவு முடிந்தது, கிச்சடி. ஒன்பது மணிக்குச் சத்துணவு ஆயாவின் மகன் வந்து, அம்மாவுக்கு இரவு முழுக்கக் காய்ச்சல், எழுந்திருக்க முடியவில்லை என்றான். அந்த மையத்தில் சமையலர் பணியிடம் ஓய்வு பெற்றவருக்குப் பின் காலி, உதவியாளரே சமையலரும். அமைப்பாளருக்குச் சொந்த மையம் வேறு ஊரில். இங்கேயும் இன்னொரு பள்ளியிலும் கூடுதல் பொறுப்பு. போன் செய்தால், மூன்றாவது மையத்தில் முட்டை இறக்கிக்கொண்டிருக்கிறார். “பக்கத்து மையத்திலிருந்து ஆளைக் கேட்கிறேன் டீச்சர், எப்படியும் பன்னிரண்டு ஆகிவிடும்” என்றார்.

அன்றைக்குக் கொண்டைக்கடலை புலவும் தக்காளி மசாலா முட்டையும். முதல்நாள் மாலையே ஆயா கடலையை ஊறப்போட்டுவிட்டுப் போயிருந்தார். பன்னிரண்டு மணிக்கு மேல் ஆள் வந்தால் கடலை வெந்து, சாதம் ஆகி, ஆயா வழக்கமாகச் சாப்பாடு போடும் நேரம் தாண்டி வெகுநேரம் ஆகிவிடும். முதல் வகுப்புப் பிள்ளைகள் அதுவரை தாங்காது.

காலை உணவுப் பெண்கள் அப்போது பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். பொறுப்பாளர்தான் முன்வந்தார். “நான் செய்துவிடுகிறேன் டீச்சர். என் பிள்ளையும்தானே சாப்பிடப்போகுது.” சின்ன டீச்சர் அமைப்பாளருக்கு மறுபடி போன் செய்து கேட்டார். அவர் கொஞ்சம் தயங்கி, சரி, இருப்பு அறைச் சாவி தலைமை ஆசிரியர் மேசையில் இருக்கிறது, பிள்ளைக்கு 100 கிராம் கணக்கில் அரிசியை அளந்து எழுதி வையுங்கள் என்றார்.

அவர்கள் செய்ததை நான் பிறகு விரிவாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். முட்டைகளை முதலில் தண்ணீரில் போட்டுப் பார்த்தார்கள், மிதக்கிற முட்டை உண்டா என்று. இல்லை. எண்ணி வேகவைத்தார்கள். முட்டை சாப்பிடாத பிள்ளை ஒன்று உண்டு. அதற்குப் பழம் இருக்கிறதா என்று டீச்சரே வந்து பார்த்தார். கடலை பதமாக வெந்ததும் வடித்துவிடாமல் அந்தத் தண்ணீரிலேயே அரிசியைப் போட்டார்கள். சாப்பாடு தயாரானதும் டீச்சர் ருசி பார்த்து, சுவைப் பதிவேட்டில் கையெழுத்திட்டார். வழக்கமான நேரத்துக்கே பிள்ளைகள் தட்டோடு உட்கார்ந்தார்கள்.

அதே நேரத்தில் வகுப்பறையில் என்ன நடந்தது என்பதும் முக்கியம். சின்ன டீச்சர் நடுக்கதவைத் திறந்துவைத்து இரண்டு அறைகளையும் ஒன்றாக்கினார். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கு ஓர் அரும்புப் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்தட்டை காட்டினார்கள். நான்காம் வகுப்பு கதைப் புத்தகம் வாசித்தது. மொட்டும் மலரும் பயிற்சிநூல் எழுதின. சமையலறைக்கும் வகுப்புக்கும் நடந்த இடைவெளியில், மூன்றாம் வகுப்புக்கு வந்தும் சொல்லுக்கு வராமல் இருந்த ஒரு பையன் ஐந்தாம் வகுப்பு அக்காவிடம் ‘பட்டம்’, ‘பட்டாசு’, ‘பட்டாணி’ என்று மூன்று அட்டையை எடுத்துப் படித்தான் என்று டீச்சர் சொன்னார். அன்றைய நாள் முழுக்க இருந்த பதற்றத்தில் அவருக்கு நன்றாக நினைவிருந்தது அதுதான்.

பன்னிரண்டரைக்கு மாற்று ஆளுடன் அமைப்பாளர் வந்தார். கணக்கைச் சரிபார்த்தார். எல்லாம் சரி.

ஓலை

இரண்டு வாரம் கழித்து அமைப்பாளருக்கு விளக்கம் கேட்டு ஓலை வந்தது. சத்துணவு மையத்தில் அங்கீகாரம் இல்லாத நபரைச் சமைக்க அனுமதித்தது ஏன்? ஆசிரியையிடம் இன்னோர் அலுவலகம் வாய்மொழியாகக் கேட்டது: உங்கள் துறை அல்லாத வேலையில் நீங்கள் ஏன் தலையிட்டீர்கள்? காலை உணவுப் பெண்ணை மூன்றாவது ஓர் அலுவலகம் அழைத்து, உங்கள் வேலை எட்டே முக்காலோடு முடிகிறது, அப்புறம் ஏன் அங்கே இருந்தீர்கள் என்றது.

மூன்று அலுவலகத்தின் கேள்வியும் அவரவர் விதிப்படி சரியே. சமையலறையில் யார் வேண்டுமானாலும் நுழையலாம் என்று விடமுடியாது. 2004-இல் கும்பகோணத்தில் 94 பிள்ளைகளைத் தின்ற தீ சத்துணவுச் சமையலறைக் கூரையில் பிடித்ததுதான். விதிகள் அந்தச் சாம்பலிலிருந்து எழுதப்பட்டவை. அவற்றை அலட்சியமாகப் பேச எனக்கு மனமில்லை. என் வருத்தம் வேறு. ஆள் வராத நாளில் என்ன செய்வது என்று மூன்று அலுவலகமும் சேர்ந்து ஒரு வரிகூட எழுதிவைக்கவில்லை. ஆள் வராத நாள் எப்போதாவது வருவதில்லை. சமையலர் இடம் காலியாக உள்ள மையத்தில் அது மாதத்துக்கு ஒருமுறையாவது வரும்.

மாநிலம் முழுக்கக் காலியிடம் இருப்பதை அரசும் ஒப்புக்கொண்டது. 8,997 சமையல் உதவியாளர்களை மாதம் 3,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் எடுக்க ஆணை வந்தது. ஓராண்டு முடிந்தபின் சிறப்புக் காலமுறை ஊதியம். 3,000 ரூபாயில் தொடங்கும் வேலைக்குப் பட்டாசு ஆலைக் கூலியை விட்டு யார் வருவார் என்பது இந்த மாவட்டத்தில் கேட்க வேண்டிய கேள்வி. வருகிறவர்கள், வெடி விபத்துக்குப் பயந்து வருகிறார்கள்.

சொல்லாமல் விட்ட இன்னொரு காரணம்

ஓலையின் பின்னணியில் ஒரு புகார் இருந்தது. புகார் கொடுத்தவர் எழுதியதில் ‘அங்கீகாரம் இல்லாத நபர்’ என்றுதான் இருந்தது. அவர் மனதில் இருந்தது அந்தப் பெண்ணின் தெரு. காலையில் அவர் செய்த கிச்சடியை ஊர் ஏற்றுக்கொண்டுவிட்டது. மதியச் சாப்பாடும் அவர் கையில் என்றதும் ஒருவருக்கு உறுத்தியிருக்கிறது.

இது இந்த ஊரோடு நிற்கிற விஷயமும் இல்லை. 2023 செப்டம்பரில் கரூர் மாவட்டம் வேலன்செட்டியூரில், பட்டியல் சாதிப் பெண் சமைத்தார் என்று காலை உணவைப் பிள்ளைகள் உண்ணக் கூடாது எனச் சில பெற்றோர் தடுத்தார்கள்; மாவட்ட ஆட்சியர் நேரில் போய் அங்கேயே சாப்பிட்டார். அதே மாதம் எட்டயபுரத்துக்குப் பக்கத்தில் உசிலம்பட்டி ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் அதே மாதிரி; அமைச்சர் கீதா ஜீவனும் நாடாளுமன்ற உறுப்பினர் கனிமொழியும் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மதிய உணவு பிறந்த எட்டயபுரத்தின் பக்கத்து ஊர். ஆட்சியரும் அமைச்சரும் போனது நல்லது, போகத்தான் வேண்டும். அவர்கள் கிளம்பிய மறுநாள் அதே அடுப்பின் முன்னால் தனியாக நிற்கப்போவது அந்தப் பெண். அவர் பக்கம் நிற்க வேண்டியது பள்ளியில் உள்ள மற்ற ஆறு பேர்.

இந்தப் பள்ளியில் நின்றார்கள். புகார் தெரிந்ததும் சத்துணவு ஆயாதான் முதலில் பேசினார், அவர் ஊரில் பெரும்பான்மைச் சாதிக்காரர். “எனக்குக் காய்ச்சலா இருந்தப்போ என் அடுப்பைப் பார்த்த புள்ள அது. அது கைச் சோறு வேண்டாம்னா என் கைச் சோறும் வேண்டாம்னு எழுதிக் குடுங்க” என்று பள்ளி வாசலில் நின்று சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

கூட்டம்

பள்ளி மேலாண்மைக் குழு 2022-இல் மறுகட்டமைக்கப்பட்டபோது 20 உறுப்பினர், தலைவர் பதவியில் ஒரு பெற்றோர் என்று வந்தது. இந்தப் பள்ளியில் தலைவி பட்டாசுத் தொழிலாளி. ஓலை வந்த மாதத்துக் கூட்டத்தில் அவர் ஒரு காரியம் செய்தார். உறுப்பினராக இல்லாத பணியாளர்களையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். 7 பேரும் ஒரே பாயில் உட்கார்ந்தது அந்தப் பள்ளியில் அதுவே முதல்முறை. தூய்மைப் பணியாளருக்கு மூன்று மாதமாகப் பணம் வரவில்லை என்பது சத்துணவு டீச்சருக்கு அங்கேதான் தெரிந்தது. சத்துணவு டீச்சர் மூன்று மையத்துக்கும் தன் வண்டிக்குத் தானே பெட்ரோல் போடுகிறார் என்பது ஆசிரியைகளுக்கு அங்கேதான் தெரிந்தது.

தீர்மானங்கள் மூன்று. ஆள் வராத நாளில் சமைக்க ஊரிலிருந்து இரண்டு பெண்களின் பெயரை முன்கூட்டியே அமைப்பாளர் மூலம் ஒப்புதலுக்கு அனுப்புவது. தூய்மைப் பணியாளரின் நிலுவையைக் கேட்டு ஊராட்சிக்கும் ஒன்றியத்துக்கும் எழுதுவது. ஆசிரியர் பயிற்சி நாட்களில் குறுவள மையத்திலிருந்து ஒரு மாற்று ஆசிரியரைக் கேட்பது. நான்காவதாக நான் ஒன்றைச் சேர்க்கச் சொன்னேன்: பத்துப் பள்ளிக்கு ஓர் எழுத்தர். அதைத் தீர்மானமாகப் போட முடியாது, கோரிக்கையாக எழுதலாம் என்றார் பெரிய டீச்சர். எழுதினார்கள்.

நிலுவை அடுத்த மாதமே வந்துவிட்டது. அதிலிருந்து இன்றுவரை பெரிதாகத் தாமதம் இல்லை. கூட்டத்தில் எல்லார் முன்னாலும் கேட்கிறார்கள் என்பதால் இருக்கலாம். மாற்றுச் சமையல் பெண்களின் பட்டியலுக்கு எழுத்தில் ஒப்புதல் வரவில்லை. அவசரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று போனில் சொல்லியிருக்கிறார்கள். போனில் சொன்னதை நம்பி இன்னொரு ஓலையை வாங்கத் தயாரில்லை என்று அமைப்பாளர் அதை எழுத்தில் கேட்டு இரண்டாவது கடிதம் போட்டிருக்கிறார். மாற்று ஆசிரியர் ஒருமுறை வந்தார். எழுத்தர் கோரிக்கைக்குப் பதில் இல்லை.

அந்தப் பொறுப்பாளரின் மகள் இப்போது ஐந்தாம் வகுப்பு. வரும் ஏப்ரலோடு காலை உணவு வேலை அவருக்கு முடிகிறது. காலியாக இருக்கும் சத்துணவுப் பணியிடத்துக்கு அவர் விண்ணப்பித்து நேர்காணலுக்கும் போய்வந்துவிட்டார். ஆணை வந்தால் அதே சமையலறைக்கு அங்கீகாரத்தோடு போவார். வராவிட்டால், மேலாண்மைக் குழுத் தலைவி ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்துக்கு மனுவோடு போவதாக இருக்கிறார். மனுவைப் பெரிய டீச்சர் எழுதி வைத்துவிட்டார். 7 பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.